செத்த சமையல்காரியின் மௌனம்

ஆங்கிலத் துறைப் பேராசிரியரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'முன்னுரை' என்றுதான் சொல்வார்கள். எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டி அவர் போனதில்லை. பேச ஆரம்பித்தால் மட்டும் அருவி மாதிரி கொட்டும். குடிக்க ஒரு வாய் தண்ணீர் அதில் இருக்காது.

அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தது அந்த மாணவியின் தலையெழுத்து. பழைய ஆங்கில நாவல்களில் வரும் வேலைக்காரப் பெண்களைப் பற்றியது ஆய்வு. மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தபோது முன்னுரை அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு. வச்சுட்டுப் போம்மா."

வைத்துவிட்டுப் போனாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவள் மற்ற அத்தியாயங்களை எழுதப் போய்விட்டாள்.

ஆய்வேடு முடிந்ததும், வேறு எங்கிருந்தாவது எடுத்தது உண்டா என்று கணினியில் சோதிக்க நூலகத்தில் கொடுத்தாள். நூலகர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்க மூணாவது அத்தியாயம் பாதிக்கு மேல உங்க சார் அச்சுல போட்ட கட்டுரையிலேருந்து எடுத்ததுன்னு காட்டுதும்மா."

திரையைப் பார்த்தாள். அவளுடைய வாக்கியங்கள். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. மேலே அவர் பெயர் மட்டும், எல்லாப் பட்டங்களோடும்.

நேரே அவர் அறைக்குப் போனாள். முன்னுரை அசரவில்லை.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? என் கட்டுரையை மேற்கோள் காட்டிடு. தீந்துச்சு."

"அது நான் எழுதினது சார்."

"நான் வழிகாட்டாம உனக்கு எங்கேருந்து வந்துச்சு? கையெழுத்து நான்தான் போடணும். யோசிச்சுக்கோ."

பயிரை மேய்ந்த வேலி, பயிரிடமே நன்றியும் கேட்டது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள்.

"சண்டை போட்டா?" என்றாள் அக்கா.

"பட்டம் போயிடும்."

"போடலேன்னா?"

"மானம் போயிடும்."

"நல்ல படிப்புடி உங்க படிப்பு," என்று சொல்லிவிட்டு அக்கா துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் கட்டுரையையும் அது பேசும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படித்துக்கொண்டே வந்தவளுக்கு ஓரிடத்தில் முகம் சுட்டது. நாவலின் பிற்பகுதியில் சமையல்காரி வாயே திறப்பதில்லை, அது ஒரு மௌனப் புரட்சி என்று இருந்தது. அவசரத்தில் அவள் எழுதியதுதான். எழுதியபோது நடுவில் சில பக்கங்களைத் தாண்டிவிட்டிருக்கிறாள். அந்தப் பக்கங்களில்தான் சமையல்காரி காய்ச்சலில் செத்துப்போகிறாள்.

வெட்கம் அடங்கியதும் சிரிப்பு வந்தது. வாக்கியம் அவருடையது என்றால் பிழையும் அவருடையதுதானே?

அத்தியாயத்தைத் திருத்தி எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயரைப் போட்டாள். 'இறந்துபோன பாத்திரத்தின் மௌனத்தைப் புரட்சி என்று கொள்ளும் இக்கட்டுரையை ஏற்க இயலவில்லை' என்றும் எழுதினாள்.

"என் பேரு வருதா?" என்று கேட்டார் முன்னுரை.

"நிறைய இடத்துல வருது சார்."

புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வன்று அரங்கு நிறைந்திருந்தது. வெளியிலிருந்து வந்த பெண் தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். பிறகு முன்னுரையைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்தவங்க பேசாம இருக்கிறது புரட்சின்னா, கல்லறைத் தோட்டம் பூரா புரட்சிக்காரங்கதான் சார்."

கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு போய்த் திரும்பியது. முன்னுரையும் சேர்ந்து சிரித்தார்.

"மாணவி கண்டுபிடிக்கிறாளான்னு பார்க்கத்தான் வேணும்னே விட்டு வச்சேன்," என்றார். மீசையில் மண் ஒட்டவில்லை.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அவர் அந்த ஆண்டே துறைத்தலைவர் ஆனார். அவரைப் போன்றவர்கள் கீழே விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நடைவழியில் ஒருநாள் அவளை நிறுத்தி, அடுத்து என்ன எழுதப்போகிறாய் என்று விசாரித்தார்.

"அச்சுல வந்ததும் சொல்றேன் சார்," என்றாள்.