பதினோரு மணிப் படம்

அன்னத்தாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். சொல்லி ஏழு மாசமாயிற்று. சொன்னது ஒரு மூச்சில் வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

கூடலூரில் அவள் மகன் நாகராஜ் ஜீப் ஓட்டுகிறான். விடியும் முன்பே தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். அந்த ஜீப்பில் அன்னத்தாயும் ஒருத்தி. அவன் வைகாசி மாசத்தில் ஒரு நாள் ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவப் பெண் ஷெரினைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு மலையம்மாள் இடுப்பில் கைவைத்து முன்வரிசையில் நின்றாள். ஆரத்தித் தட்டோடு வந்த அன்னத்தாய், தட்டைச் சுற்றாமல் அப்படியே நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"வந்தது வந்துட்ட, உள்ள வா தாயி. ஆனா ஒன் சாமி வாசலோட நிக்கட்டும்."

கோபத்தில் சொன்னதுகூட இல்லை, கேளுங்கள். பெண்ணைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. 'அன்னத்தாயி ஒரு நொடியில மடங்கிட்டாளே' என்று தெரு பேசக் கூடாதே என்கிற வீம்பு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தது. பிறந்த வீட்டார் பேச்சுவார்த்தை இல்லை என்றாகிவிட்ட பிள்ளைக்கு வேறே போக்கிடம் ஏது?

வந்த நாளிலிருந்து ஒரு குறை சொல்ல முடியாது. கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், உடனே வீட்டுக்குள் நுழையாமல் வாசலுக்கு வெளியே மலையைப் பார்த்து ரெண்டு நிமிஷம் நிற்பாள். புருஷன் ஜீப் வருகிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று அன்னத்தாய் நினைத்திருந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். குடைக்கம்பி நாலு பக்கமும் ஒழுகுகிறது, சேலைக்கரை நனைகிறது, அசையவில்லை.

"கிறுக்குப் பிள்ளையாடா இது? மழையில நிக்குது," என்றாள் அன்னத்தாய், மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"செபம் சொல்லுதும்மா," என்றான் நாகராஜ்.

"அதுக்கு வாசல்லயா நிக்கணும்?"

"நீதானம்மா சொன்ன, சாமி வாசலோட நிக்கட்டும்னு. அது அங்கனயே போய்ப் பாத்துட்டு வருது."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவன். குழம்பு ஊற்றச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அன்னத்தாய்க்குத்தான் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலை, அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? மன்னிச்சுக்க என்று சொல்லிப் பழகின வாயா அது? ரெண்டு மூன்று தடவை மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு தடவை, "தலைக்கு எண்ணெ வச்சியா?" என்று கேட்டு எழுந்து வந்தாள். இன்னொரு தடவை, "பஸ்ஸு கூட்டமா?" என்று கேட்டாள். மூன்றாம் தடவை ஒன்றும் கேட்காமல் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. அன்னத்தாயின் புருஷன் சுருளிவேல் சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியிருந்தார். ஜோதி பார்க்கப் போகிறவர், தை பிறக்கிறவரை வீட்டில் கவிச்சி கிடையாது. அந்தச் சமயத்தில் ஒருநாள் அன்னத்தாய் மெல்லக் கேட்டாள்.

"ஏத்தா, ஒங்க பண்டிகைக்கு ஒங்க வீட்ல என்ன செய்வீக?"

ஷெரின் முதலில் தயங்கினாள். பிறகு சொல்லச் சொல்ல அவள் முகமே மாறிவிட்டது. "கோயில்ல பூசை பாத்துட்டு வந்துருவோம் அத்தை. பதினோரு மணிக்கு டி.வி.ல கிறிஸ்துமஸ் படம் போடுவாக. அப்பா கடைய அடைச்சிருவாக. எல்லாரும் ஒரே பாயில உக்காந்துருவோம். படம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம்."

"வருசா வருசமா?"

"வருசம் தவறாம."

அன்னத்தாய்க்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. புனித வெள்ளிக்கு டி.வி.யில் சிலுவை சுமக்கிற படம் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள், அழுதும் இருக்கிறாள். செத்த நாளுக்குச் சாமி படம் போடுகிறவர்கள் பிறந்த நாளுக்கு வேறென்ன போடப் போகிறார்கள்? அவள் சிறுபெண்ணாக இருக்கையில் தெருவுக்கு ஒரு டி.வி. ஞாயிற்றுக்கிழமை சாமி கதை ஓடும்போது எல்லாரும் தலைக்குக் குளித்து, செருப்பை வெளியே விட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். அந்த மாதிரிச் செய்துவிட்டால் போதாதா? வாசலில் நிறுத்தின சாமியை மாலை போட்டு நடுவீட்டில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடாதா? வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கு இதையும் பார்த்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

ஜீப்பில் போகும்போதே சொல்லிவிட்டாள். "இருவத்தஞ்சாந் தேதி தோட்டம் லீவு. எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. ஏசு படம். விரதம் இருந்து வரணும்."

"விரதமா?" என்றாள் மலையம்மாள். "காப்பி குடிக்கலாமா?"

"காப்பி குடி. இட்லி தின்னாத."

அந்த நாளும் வந்தது. நாகராஜ் ஷெரினைக் கூட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போனதும், அன்னத்தாய் வீட்டைக் கழுவிவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யை ஈரத்துணியால் துடைத்து, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ரெண்டு பக்கமும் ஆணி அடித்து ஒரு முழு செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டாள். முதல்நாளே பேக்கரியில், "முட்ட போடாததுதான? மால போட்டிருக்க வீடு, பொய் சொல்லக் கூடாது," என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டு வாங்கின கேக் ஒரு தட்டில். பக்கத்தில் தேங்காய், வாழைப்பழம், பத்தி.

சுருளிவேல் குளித்துவிட்டு வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் டி.வி.யையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருகிட்டயாச்சும் கேட்டியா, இப்பிடித்தான் செய்யிறதானு?"

"நீங்க சும்மா உக்காருங்க சாமி," என்றாள். மாலை போட்டதிலிருந்து புருஷனையும் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பத்தரைக்கே தெருப் பெண்கள் அஞ்சு பேர் வந்துவிட்டார்கள். செருப்புகள் வெளியே வரிசையாகக் கிடந்தன. பூசை முடிந்து வந்த ஷெரின் செருப்புகளைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், கடைசியில் டி.வி.யைப் பார்த்தாள். கண் ரெண்டும் விரிந்துபோயின.

"அத்தை... அது வந்து..."

"பேசாத. கை கால் கழுவிட்டு வந்து முன்னால உக்காரு. ஒன் படம் ஆரம்பிக்கப் போகுது."

"இல்லத்தை, அந்தப் படம்..."

"உக்காருங்கறேன்ல?"

ஷெரின் நாகராஜைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

சரியாகப் பதினோரு மணிக்கு டி.வி.யில் மணியோசை கேட்டது. நட்சத்திரமெல்லாம் மின்னியது. அன்னத்தாய் படாரென்று தேங்காயை உடைத்து, கற்பூரத்தை ஏற்றி, தட்டைத் தூக்கினாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டு முதல் சுற்று வருவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஆறடி ஆள் ஒருவன் கையில்லாத பனியனோடு திரை முழுக்க நின்று சிரித்தான்.

"அடியே அன்னத்தாயி," என்றாள் மலையம்மாள், "பனியனுக்கா கற்பூரம் காட்டுற?"

"வாய மூடுடி. இப்ப வந்துரும்."

வந்தது. ஒரே பனி. வெள்ளைக்காரர் ஊர். பண்டிகைக்கு வீடு போய்ச் சேரவேண்டிய ஓர் அப்பன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, கிளை கிளையாகக் கொம்பு வைத்த பெரிய மான் பூட்டின வண்டியில் ஏறிக்கொண்டான். வாயசைவு ஒரு பக்கமும் தமிழ் ஒரு பக்கமுமாக ஓடியது.

"இவருதான் ஏசுவோட அப்பா சூசையப்பரா?" என்று ஒருத்தி பயபக்தியோடு கேட்டாள்.

"பேண்ட் போட்டிருக்காரே," என்றாள் இன்னொருத்தி.

அன்னத்தாய் கை கூப்பினபடியே இருந்தாள். சாமி இப்போது வரும், அடுத்த காட்சியில் வரும். கால் மணி போனது. அரை மணி போனது. அப்பன் பனியில் வழுக்கி விழுந்தான். எழுந்து மறுபடி விழுந்தான். மான் வண்டியை அறுத்துக்கொண்டு ஓடி, யாரோ ஒருத்தி வீட்டு அடுப்படிக்குள் புகுந்து, மேசைமேல் இருந்த மூணடுக்குக் கேக்கைத் தின்ன ஆரம்பித்தது. வீட்டுக்காரி துடைப்பத்தைத் தேடுகிறாள்.

"கதவச் சாத்தாம என்னடி பண்ற? விரட்டு, விரட்டு!" என்று மலையம்மாள் கத்திவிட்டாள். போன மாசந்தான் அவளுடைய அவரைக்காய்த் தோட்டத்தில் மாடு புகுந்திருந்தது. "கொம்பப் பிடிக்காத, வாலப் பிடி!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அன்னத்தாய்க்கு அப்போதுதான் கை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஷெரின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த ஏழு மாசத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

அன்னத்தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. மாமியாரைப் பார்த்ததும் ஷெரின் சிரிப்பு நின்றது.

"ஏத்தா," என்றாள் அன்னத்தாய் மெதுவாக. "சாமி எப்ப வருவாக?"

ஷெரின் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல சாமி வர மாட்டாக அத்தை. இது சும்மா சிரிக்கிறதுக்குப் போடுற படம். வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சிரிக்கணும்னு. நான் மொதல்லயே சொல்ல வந்தேன்..."

"ஏசு படம் இல்லையா?"

"இல்லத்தை."

"போச்சுடா," என்றாள் மலையம்மாள். "மானுக்குத் தேங்கா ஒடச்சு, நாங்க காலையிலருந்து வயித்தக் காயப்போட்டு... ஏண்டி அன்னத்தாயி, மருமகளுக்கு ஐஸு வைக்கவா இம்புட்டுச் சோடிச்ச? அன்னிக்கு வாசல்ல நின்னு என்னா பேச்சுப் பேசுன!"

அதுதான். அந்த வார்த்தையைத் தெருவில் யாரும் மறக்கவில்லை. டி.வி.யில் வீட்டுக்காரி துடைப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். நாகராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அன்னத்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். வீம்பில் முக்கால்வாசி பனியன்காரனோடயே போய்விட்டது. மிச்சத்தைக் கட்டிக்காத்து யாருக்கு என்ன லாபம்?

"பேசுனேன்தான்," என்றாள். "இவ சாமி வாசலோட நிக்கட்டும்னு ஒங்க அஞ்சு பேரு முன்னாலயும் பேசுனேன். தெருவுக்குப் பயந்து பேசுனேன். தப்பு. அந்தப் பிள்ள மழையில குடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னு கும்பிடுது. அத என் வாயால மாத்திச் சொல்லத் துப்பில்லாமதான் டி.வி.ய வச்சுச் சொல்லலாம்னு பாத்தேன். அதுல மான் வந்து நிக்குது." மருமகள் பக்கம் திரும்பினாள். "இனிமே வெளிய நிக்காத ஆத்தா. ஒன் சாமி உள்ள வரட்டும். ஒனக்கு எங்கன தோணுதோ அங்கன வச்சுக் கும்பிடு."

ஷெரின் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "இப்பவே செபம் சொல்லட்டுமா அத்தை?" என்றாள்.

"சொல்லு."

சுருளிவேல் எழுந்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். ஷெரின் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். உரக்கவும் இல்லை, முணுமுணுப்பாகவும் இல்லை. அன்னத்தாய்க்குக் கண்ணை மூடுவதா திறப்பதா என்று தெரியவில்லை, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். தன் அப்பா அம்மாவுக்காகக் கேட்டாள் ஷெரின். நாகராஜ் வண்டி மலைவளைவில் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டாள். மாமா விரதம் நல்லபடியாக நிறைவேறி மலைக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டாள். "எங்க அத்தைக்கு மொழங்கால் வலி கொறையணும். ஜீப்ல ஏறி இறங்கச் செரமப்படுறாக."

அன்னத்தாய்க்கு ரெண்டு கண்ணும் திறந்துகொண்டன.

"இதத்தான் வெளிய நின்னு தெனமும் சொன்னியா?"

"ஆமாத்தை."

"மழையிலயுமா?"

"மழை நாள்லதான் ஒங்களுக்கு வலி கூட."

அன்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மலையம்மாள் முழங்காலால் நகர்ந்து முன்னால் வந்தாள்.

"ஆத்தா ஷெரினு, முடிச்சுராத. என் மருமகன் குடிய விடணும். தேவாரம் ஊருல இருக்கான், பேரு மாரிசெல்வம். வெவரமாச் சொல்லு, தேவாரத்துல அந்தப் பேருல நெறையப் பேரு இருக்கானுக."

"எனக்கு இடுப்பு வலி தாயி," என்றாள் இன்னொருத்தி.

"என் மக பத்தாவது பாஸாகணும்."

"வரிசையாச் சொல்லுங்கடி, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது," என்று அதட்டிவிட்டு அன்னத்தாய் எழுந்தாள். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற அஞ்சு பேருக்கும் உலை வைக்க வேண்டியிருந்தது.