யாருமில்லாத பக்கம் நீட்டிய பலகை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியின் நிர்வாகக் கட்டடம், முதல் மாடி, மூடிய கதவுக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சு. கதவுக்கு உள்ளே என் தங்கை இருக்கிறாள். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவளையே ஹெட் கோச் ஆக்குவதா, வெளியிலிருந்து வேறொருவரைக் கொண்டுவருவதா என்று தேர்வுக் குழு அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. கடவுளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். ஒரே விண்ணப்பத்தை மறுபடி மறுபடி போட்டால் அவருக்கும் அலுப்பாக இருக்காதா? அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். முடிவு தெரியாமல் எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. ஆனால் இன்று என் நிலைமை அதுதான். முடிவு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "பிறந்தபோதே அவள் கைகள் ஒரு பந்தைத் தேடின—"

பொய். பிறந்தபோது அவள் தேடியது பாலை.

இரண்டாவது தொடக்கம்: "வெற்றி என்பது—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நான் கடைசிவரை படித்ததில்லை. உங்களை மட்டும் ஏன் படிக்க வைக்க வேண்டும்?

மூன்றாவது: "ஒரு ஹெட் கோச்சின் பயணம் பிறருடைய ஜெர்சிகளைத் துவைப்பதில் தொடங்குகிறது."

இது உண்மை. அவள் இதே கல்லூரி அணியில் ஆடியவள். ஆடினாள் என்பதைவிட, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்பது சரி. முழங்கால் போனபிறகு அந்த பெஞ்சையும் விட மனமில்லாமல், எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்றாள். அணியின் துணிகளைத் துவைக்கும் வேலை கிடைத்தது. பிறகு தண்ணீர் பாட்டில். பிறகு ஆட்ட வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கும் வேலை. பிறகு மற்ற கல்லூரி அரங்குகளில் மூலையில் உட்கார்ந்து அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து வரும் வேலை. அதன்பின் அசிஸ்டென்ட் கோச். அங்கேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டாள்.

(வேறு கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்தாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: ஹெட் கோச்சாக அனுபவம் இல்லை. ஹெட் கோச் ஆக வேண்டுமென்றால் முன்பே ஹெட் கோச்சாக இருந்திருக்க வேண்டும். இந்த விதியைக் கண்டுபிடித்தவருக்கும் முதல் வேலை என்று ஒன்று இருந்திருக்குமே, அதை யார் கொடுத்தார்கள் என்று அவள் சாப்பிடும்போது கேட்பாள். ரசம் வேண்டுமா என்று அம்மா கேட்பாள்.)

அந்த வருடங்களில் ஒரு நாள் பயிற்சியைப் பார்க்கப் போனேன். வீராங்கனைகள் ஒவ்வொருவராக வந்து பந்தை எறிந்து பழகினார்கள். அவள் வலைக்கு அடியில் நின்று, விழும் பந்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். அவ்வளவுதான். ஆனால் பந்து எறிந்தவளின் நெஞ்சு உயரத்துக்கு, விரல்கள் காத்திருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. உயரமானவளுக்கு உயரமாக, குட்டையானவளுக்குத் தாழ்வாக. கையைக்கூட மாற்றி வைக்க வேண்டாம், பிடித்து அப்படியே எறியலாம். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. வசதியாக இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நான் கோயிலில் நிற்பதுபோல் நின்றேன். உபகாரம் என்றால் இதுதானோ என்று தோன்றியது: பெறுகிறவருக்கே தெரியாமல் போய்ச் சேர்வது.

3

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்று பழைய ஹெட் கோச்சை எழுதிப் பார்த்தேன். வீராங்கனைகள் அவருக்கு வைத்த பெயர் 'அமைதி சார்'. அரங்குக்கு வெளியே நிற்கும் வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்படி கத்துவார் என்பதால்.

"அவர் அவளை வளரவிடாமல் தன் நிழலிலேயே—"

விட்டுவிட்டேன். மனிதர் ஒத்துழைக்க மறுக்கிறார். வேறு கல்லூரிகளுக்கு அவள் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் அவர்தான் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். அவளுடைய முழங்கால் அறுவை சிகிச்சையின்போது மருத்துவமனைக்கு வந்து, அங்கும் கத்தி, நர்சிடம் திட்டு வாங்கினார். கெட்டவராக்கினால் கதை விறுவிறுப்பாகும். எனக்குத்தான் தூக்கம் போகும்.

இந்தப் பருவத்தின் நடுவில் அவருடைய இதயத்தில் அடைப்பு என்று மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். இனி கத்தக் கூடாது. கத்தாமல் எப்படி கோச்சாக இருப்பது என்று கேட்டாராம். ராஜினாமா செய்தார். மீதி ஆட்டங்களுக்கு என் தங்கை தற்காலிக ஹெட் கோச். அணி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது.

4

இந்தப் பகுதியை மெதுவாக எழுத வேண்டும்.

டைம் அவுட் என்றால் ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, கோச் தன் அணியோடு பேசிக்கொள்ளும் நேரம். எங்கள் அணியில் அதற்கு ஒரு முறை இருந்தது. அமைதி சார் வீராங்கனைகள் முன் நிற்பார். அவருக்கு வலப்பக்கத்தில் என் தங்கை மண்டியிட்டு, ஒரு சின்னப் பலகையில் அடுத்த நகர்வை வரைவாள். வரைந்து முடித்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பலகையை இடப்பக்கம் மேலே நீட்டுவாள். அவர் வாங்கி, வீராங்கனைகள் பக்கம் திருப்பிக் காட்டி, கத்த ஆரம்பிப்பார். எத்தனை வருடப் பழக்கம் அது. ஒருவர் வரைவது, ஒருவர் வாங்குவது. அவர் போனபிறகு பலகையை அவளே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகள். எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். தங்கை டைம் அவுட் கேட்டாள். அரங்கமே அலறியது. அவள் மண்டியிட்டாள், வரைந்தாள், பலகையை இடப்பக்கம் மேலே நீட்டினாள்.

அங்கே யாரும் இல்லை.

நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீட்டிய கை அப்படியே நின்றது. வாங்க ஆள் வரவில்லை என்றதும் அவள் தலையைத் தூக்கி, வெறுமையாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். வீடியோ எடுத்தவர்களும் இருந்தார்கள்.

அப்போது அணித் தலைவி எழுந்தாள். ஒல்லி, உயரம், 'பென்சில்' என்பார்கள். எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்பதுபோல, அந்தக் காலி இடத்தில் போய் நின்று பலகையை வாங்கினாள். மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க மேடம்" என்றாள். என் தங்கை எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் விளக்கினாள். கத்தவில்லை. அவள் குரல் கேட்பதற்காக ஐந்து தலைகளும் முன்னால் குனிந்தன.

பெரிய அற்புதங்களை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்தே பழகிவிட்டோம். இது இரண்டு அடி தூரம் நடந்து வந்து ஒரு பலகையை வாங்கிக்கொண்டது.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பென்சில் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விழு

5

வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம், கதவு திறந்துவிட்டது. தங்கை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அவர்கள் கலந்து பேசுகிறார்களாம், கூப்பிடுவார்களாம். நான் தாளை மறைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள்.

படித்தாள். ரசத்தைப் பற்றி வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"என்னண்ணா, பந்தை உள்ள போட்டுட்டே?"

வாக்கியம் இன்னும் முடியவில்லை என்றேன்.

"முடிக்கப் போறது எனக்குத் தெரியாதா? உன் கதைல எந்தப் பந்து வெளிய போயிருக்கு? விழலன்னு எழுது. தோத்துட்டோம்னு எழுது."

ஒரு கதைதானே, விழட்டுமே என்றேன்.

"பென்சில் அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா. இப்ப நீ உள்ள போட்டா, அவ அழுதது பொய்யாயிடும்."

ஆகவே: பந்து ஒரு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. தோற்றார்கள்.

6

உள்ளே என்ன கேட்டார்கள் என்றேன்.

கல்லூரி முதல்வர் நல்லபடியாகத்தான் பேசினாராம். கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர் அந்த வீடியோவை ஓடவிட்டு, கை நீட்டிய இடத்தில் நிறுத்தினார். "இதை யாருக்குக் கொடுக்கறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பின்னால் இருந்த கேள்வி அவளுக்குப் புரிந்தது. வருடக்கணக்கில் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவள் எப்படித் தலைமை தாங்குவாள்?

அதற்குப் பதில் தயாராகவே இருந்தது. காலையில்தான் பென்சில் போன் செய்து, அது நாம் முன்பே போட்ட திட்டம் என்று சொல்லிவிடுங்கள் மேடம், நாங்கள் எல்லாரும் அப்படியே சொல்கிறோம் என்றிருந்தாள்.

"அதைத்தானே சொன்னே?" என்றேன்.

"இல்ல. சார் நிக்கற இடத்துக்கு நீட்டினேன், அவர் இல்லங்கறது மறந்துடுச்சுன்னு சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்ல ரெடியா இருந்தா. அதை நான் வாங்கிக்கிட்டா, நாளைக்கு அவளுக்கு நான் எந்த மூஞ்சியோட கோச் பண்றது?" பிறகு, "அன்னிலேர்ந்து பயிற்சில பலகையை அவதான் பிடிக்கறா, அது நல்லாவே இருக்குன்னும் சொன்னேன்" என்றாள்.

அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தர் எழுதிக்கிட்டார். ஒருத்தர் கண்ணாடியைத் துடைச்சார். வெளிய இருங்கன்னாங்க."

7

இப்போது அலுவலக உதவியாளர் வந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று, உண்மை பேசியதற்காகவே அவளுக்கு வேலை கிடைக்கிறது. நான் வழக்கமாக எழுதுவது இதைத்தான். தங்கை பார்த்தால் கிழித்துவிடுவாள். இரண்டு, உண்மை பேசியதாலேயே கிடைக்காமல் போகிறது. உலகம் தெரிந்தவர்கள் இதைப் பாராட்டுவார்கள். மூன்று, கிடைக்காவிட்டாலும் அவள் நாளைக் காலை வலைக்கு அடியில் போய் நிற்கிறாள்—

இல்லை. மூன்றாவதை அடித்துவிடுகிறேன். அவள் பொறுமையைக் காட்டி அவளை ஏமாற்றும் வேலை அது. அவளுக்கு இந்தப் பதவி வேண்டும். ஆசையோடுதான் உள்ளே போயிருக்கிறாள்.

என்னால் முடிக்க முடியாது, நான் அண்ணன். நீங்கள் முடியுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முதல்வருக்கும் இயக்குநருக்கும் நடுவில். வீடியோ உங்கள் முன் அதே இடத்தில் நிற்கிறது, கை நீட்டியபடி. இந்த அறையில் நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாத பென்சிலின் போன்கூடத் தெரியும்.

அவள் உங்கள் எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள். முழங்காலில் இன்னும் வலி உண்டு, காட்டிக்கொள்ள மாட்டாள்.

என்ன முடிவென்றாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அவளை உட்காரச் சொல்லுங்கள்.