நாலு சென்டிமீட்டர் இறக்கம்

சர்வேயருக்கு நிலத்தை அளக்கத் தெரியும். அளந்து பேசத் தெரியாது. சண்டை வந்ததே அதனால்தான்.

மனைவி காரைப் பின்னால் எடுக்கும்போது காம்பவுண்டுச் சுவரில் லேசாக உரசிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அவளுடைய ஆபீஸ் தோழிகள் சாப்பிட வந்திருந்த நேரம் பார்த்து, "இவ கையில சாவி குடுக்கறதும் ஒண்ணு, சுவரை இடிக்க ஆள் விடறதும் ஒண்ணு" என்று சொல்லி அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்க ஃபோனை எடுப்பார். எடுத்த வேகத்திலேயே கீழே வைத்துவிடுவார். கடைசியில் மருந்துக் கடை வைத்திருக்கும் மச்சினனைப் பிடித்தார்.

"மச்சான், உங்க அக்கா என்னதான் சொல்றா?"

"கடையில கூட்டம் மாமா. அது ஒண்ணுமில்ல, ரொம்ப உசரமாம். கொஞ்சம் இறக்கினா வருவாளாம். சார், இது சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்…"

'அவர் ரொம்ப உசரத்துல நிக்கறாரு, கொஞ்சம் இறங்கி வந்தா நானும் வரேன்' என்பதுதான் அக்கா சொன்னது. மாத்திரை எண்ணும் அவசரத்தில் மச்சினன் பாதியை விழுங்கிவிட்டான்.

"எவ்வளவு இறக்கணுமாம்?"

"இதுக்கெல்லாம் அளவா சொல்வாங்க? கொஞ்சம் மாமா, கொஞ்சம்!"

சர்வேயருக்கு உயிர் வந்தது. இந்தக் காரில் ஏற ஏணி வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறப்பதைவிட வண்டியை இறக்குவது எவ்வளவோ சுலபம். உயரம் குறைக்கும் ஸ்ப்ரிங் செட் வாங்கப் போனார்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், ரேஸா?"

"குடும்ப விஷயம்."

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார். போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டார். "கொஞ்சம் விட்டுக் குடும்மா. நான் பண்ணினது தப்புதான்" என்று கெஞ்சினார். ஒரு போல்ட்டிடம் இவ்வளவு மரியாதையாகப் பேச வரும் என்பது அவருக்கே புதிதாக இருந்தது.

ஸ்ப்ரிங்கை இரண்டு பக்கமும் கவ்வி அமுக்கும் கருவியோடு ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. ஒரு பக்கத்தையே முறுக்கிக்கொண்டு போனால் ஸ்ப்ரிங் துள்ளி முகத்தைப் பெயர்த்துவிடும்; இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. சர்வேயர் அதை வாய்விட்டுப் படித்தார், அப்படியே செய்தார். வேறெதற்கும் அது பொருந்துமோ என்று அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் வண்டி திட்டு வாங்கிய நாய்போலத் தரையோடு படிந்து நின்றது. டேப் வைத்துப் பார்த்தார். சரியாக நாலு சென்டிமீட்டர்.

வீல் அலைன்மென்ட் பார்க்காததால் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. மாமனார் வீடும் இடது பக்கத் திருப்பத்தில்தான். வண்டிக்கே தெரிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர் மாமனார் வீட்டு வாசல் சரிவை அளக்கவில்லை. முன் சக்கரங்கள் கேட்டுக்குள் போனதும் கரகரவென்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது.

மாமனார் ஓடி வந்தார். "வாங்க மாப்ள, வாங்க. ஏன் பாதியோட நின்னுட்டீங்க?"

பின்னாலேயே அவள் வந்தாள். சர்வேயர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நீ சொன்ன மாதிரியே இறக்கிட்டேன். நாலு சென்டிமீட்டர்!"

"நான் எதை இறக்கச் சொன்னேன்?"

"மச்சான் சொன்னானே, உசரமா இருக்குன்னு…"

அவள் வண்டியைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். கிரீஸ் கறுப்பு; இரண்டு விரலில் பிளாஸ்திரி. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வண்டியைச் சொல்லலைங்க. உங்களைச் சொன்னேன்."

மாமனார் அவசரமாக உள்ளே ஏதோ மறந்துவிட்டவர்போலத் திரும்பி நடந்தார்.

சர்வேயர் இன்ஜினை அணைத்தார். பிறகு, "அன்னிக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்" என்றார்.

"இதைச் சொல்ல எதுக்குங்க ஸ்ப்ரிங் வாங்கினீங்க?"

"இதைச் சொல்றதைவிட அதைக் கழட்டறது சுலபமா இருந்தது."

"இறங்குங்க" என்றாள்.

இறங்கினார். அவர் கனம் விலகியதும் வண்டி ஒரு விரற்கடை எழும்பியது. பெட்டியை எடுத்து வந்து பின்சீட்டில் வைத்துவிட்டு அவள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். 'லெஃப்ட்ல பாத்து' என்று சொல்ல வாயைத் திறந்த சர்வேயர், மூடிக்கொண்டார். கேட்டின் இரண்டு தூணிலும் படாமல் வண்டி பின்பக்கமாக வெளியே வந்தது.

வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் நிறுத்துவாள். அவர் இறங்கி, குனிந்து அடிப்பக்கம் பார்த்தபடி, "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று கூடவே நடப்பார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பழைய ஸ்ப்ரிங்கையே மாட்டிடறேன்" என்றார், மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து.

"என்ன அவசரம்? கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்" என்றபடி அடுத்த மேட்டுக்கு முன்னால் அவள் பிரேக்கை மிதித்தாள்.