சிவப்பு பேஸ்

மூன்று நாளாக நான் சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல இருந்தேன். இத்தனைக்கும் எதையும் திருடவில்லை. கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் தவறாமல் ஆபீஸ்காரன் பில்லை நீட்டுகிறானே, அதே கரண்ட்தான். ஆனால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போடாமல், பல்பைக் கழற்றிவைத்துவிட்டு இருட்டில் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூலையில் ஃப்ரீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வெளியே போகாமலிருக்க பேட்டரி ரேடியோவில் சர்ச் பாட்டை அலறவிட்டிருந்தேன்.

பெனின் சிட்டியில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரும் கம்பி மூன்று பேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம். எதில் உயிர் இருக்கிறதோ அதற்கு ஃபியூஸ் கட்டையை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். நீலத்தில் வந்தால் தெருவே நீலத்துக்குத் தாவும். அத்தனை வீட்டு லோடையும் ஒற்றை பேஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் தாவுவோம். நாம் சும்மா இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் தாவிவிடுவானே!

இந்த முறை மஞ்சளும் நீலமும் சேர்ந்தே போயின. கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். முதல் நாள் ஏணி வேறு ஏரியாவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். நாங்களே ஏணி கொண்டுவருகிறோம் என்றதற்கு, ஃபியூஸ் கம்பி இல்லை என்றார்கள். கம்பியும் வாங்கிக்கொண்டு போனால், ஏறுகிற ஆள் லீவு. சிவப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அது செத்து இரண்டு வருஷமாகிறது.

என் ஃப்ரீசரில் ஐந்து பெட்டி கானாங்கெளுத்தி மீன் இருந்தது. ரோட்டோரத்தில் தண்ணீர் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தவள் நான். தலையில் சுமந்து, வண்டிகளுக்குப் பின்னால் ஓடி, ஏழு வருஷத்தில் இந்த ஃப்ரீசருக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஐந்து பெட்டியும் அழுகினால் மறுபடியும் ரோட்டுக்குத்தான் போக வேண்டும். பதினோரு நாள் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டே ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் ஐஸ் கடையிலும் ஐஸ் இல்லை. மதியம், எங்கள் ஒற்றை அறை வீடுகள் எட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், பைத்தியம் பிடித்தவள் மாதிரி டெஸ்டரை எடுத்துப் போய் ஃபியூஸ் போர்டில் சிவப்பின்மேல் வைத்தேன்.

டெஸ்டரில் விளக்கு எரிந்தது. யார், எப்போது சரிசெய்தார்களோ!

கூவியிருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் கூவுவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். நான் கூவவில்லை. ரப்பர் செருப்பில் நின்று என் கட்டையை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று நாள் போதும், சனிக்கிழமை ஹோட்டல்காரர்கள் வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது.

"இத்தோகான்! ஏய் இத்தோகான்! மீனுக்கு இன்னும் எத்தன நாளு துக்கம் காக்கப்போற? கதவத் திற."

அடுத்த அறை ஐசோகென் அக்கா. முற்றத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடுகிறவர். கை ஓயாது, வாயும் ஓயாது.

"தலவலிக்கா. அப்புறமா வாங்க."

"தலவலிக்காரி வைக்கிற பாட்டா இது? செத்தவன்கூட எழுந்து ஆடுவான். சரி, வெளிய வந்து பாரு, உனக்காக என்ன பண்ணிவச்சிருக்கோம்னு."

கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். முற்றத்தின் நடுவில் பாதியாக அறுத்த டிரம். அதன்மேல் கம்பி வலை. கீழே விறகு நன்றாகப் பற்றிக்கொண்டிருந்தது. கடைசி அறை ஒக்பெய்டே அண்ணன் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் முற்றத்தின் ஃபியூஸ் நிபுணர் அவர்தான். சட்டையெல்லாம் கரி.

"அழுகிப்போறதுக்குள்ள புகை போட்டு எடுத்துடலாம்மா," என்றார். "வெறகு நம்ம எல்லார் வீட்டுலேர்ந்தும் சேத்தது. நீ ஒண்ணும் தர வேணாம்."

"மீனெல்லாம் வித்துட்டேண்ணே."

"எப்ப வித்த?" என்றார் அக்கா. "மூணு நாளா நீ வாசப்படியே தாண்டல."

"இல்லக்கா... கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்ட? அஞ்சு பெட்டி மீனு கெட்டா இந்தத் தெருவே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கும். ஒரு நாத்தம் இல்ல. அப்ப நல்லாத்தான் இருக்கு. கடவுள் கண்ணத் தொறந்திருக்காரு, நீதான் கதவத் தொறக்க மாட்டேங்கற."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை. விறகு சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களை என்ன செய்வது? அந்த நிமிஷத்தில் அவர்கள் எல்லாரையும் வெறுத்தேன், உண்மையைச் சொல்வதென்றால். என்னையும்தான்.

நான் கண்ணைத் துடைப்பதற்குள் அக்கா என்னைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கையில் பெரிய பேசின். பின்னாலேயே வந்த ஒக்பெய்டே அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல இந்தக் கருமத்த நிறுத்து," என்று ரேடியோவை அணைத்தார்.

ஃப்ரீசரின் உறுமல் அறை முழுக்கக் கேட்டது.

அக்கா மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை எழும்பி அவர் முகத்தில் அடித்தது. மீன்கள் பனி பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. விரலை மடக்கி ஒன்றைத் தட்டினார். கல்லைத் தட்டின சத்தம். இன்னொன்றையும் தட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த பேஸ்?" என்று கேட்டார் ஒக்பெய்டே அண்ணன்.

"சிவப்பு," என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடி அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அண்ணே, கால்ல விழறேன். நம்ம முற்றம் மட்டும் போட்டுக்குவோம். எட்டு வீடுதானே, தாங்கும். வெளிய மட்டும் தெரிய வேணாம். தெரு பூரா மாத்திட்டா போயிடும்ணே, உங்களுக்குத் தெரியாததா!"

"நீ சொல்றியா இத?" என்றார் அவர். "நீ?"

நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளின் வாயிலிருந்து வந்ததால் அதற்கு மதிப்பில்லை. அவர் கட்டையை மாற்றினார். எதிர் அறையில் டிவி உயிர் பெற்றது. பிள்ளைகள் "கரண்டு! கரண்டு!" என்று கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். "செவப்பு! செவப்புல வந்திருக்கு!" என்று யாரோ சுவரேறிக் கத்தினார்கள். தெருக்கோடி வரை ஒவ்வொரு முற்றமாக அந்தக் கூச்சல் போவது கேட்டது. எங்கோ அரைவை மிஷின் ஓட ஆரம்பித்தது. எங்கோ வெல்டிங் பட்டறை. அவன் ஒருவன் போதும், எங்கள் எல்லாருக்கும் சேர்த்துக் குழி தோண்ட.

நான் டிரம் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். வேறென்ன செய்ய முடியும்? பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டப். ஃபேன்கள் தளர்ந்து தளர்ந்து நின்றன. தெரு மொத்தமும் ஒரே குரலில் "ஓ..." என்று இழுத்தது. இனி சிவப்பும் இல்லை.

நான்தான் சொன்னேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

ஐசோகென் அக்காதான் முதலில் அசைந்தார். "மீனக் கொண்டா," என்றார். "நெருப்பு வீணாப் போகுது."

கல்லாய்க் கிடந்த மீன்களைத் தண்ணீரில் போட்டு இளக வைத்தோம். அவர் குடலெடுத்தார். ஒக்பெய்டே அண்ணன் மீனின் வாலை அதன் வாய்க்குள் வளைத்துக் குச்சி குத்திக்கொடுத்தார். நான் வலையில் அடுக்கினேன். எங்கள் முற்றத்தில் நான்கு பேர் சேர்ந்தால் ஊர்க்கதை முழுக்க வெளியே வரும். அன்றைக்கு 'உப்பு', 'திருப்பிப் போடு' என்பதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. மீன் வீணாகவில்லை. சந்தையில் பாதி விலைக்காவது போகும். நான் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்த நிம்மதியைச் சொல்லிக்கொள்ள எதிரே முகம் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் வேலை முடிந்தது. கூட இருந்து புகை போட்டவர்களுக்கு ஆளுக்கு நாலு மீன் கொடுத்தனுப்புவது முறை. நல்ல பெரிய மீன்களாகப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றி ஒக்பெய்டே அண்ணனிடம் நீட்டினேன். "பல்லு சரியில்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன வாரம்தான் அவர் எலும்பு கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

ஐசோகென் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே அவருடைய பேசினில் எட்டு மீனை வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து, உடையாமல், திரும்ப என் கூடையில் அடுக்கினார்.

"கோவமாக்கா?"

"கோவம் என்னத்துக்கு," என்றார். பேசினை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "சீக்கிரம் உள்ள கொண்டுபோய் வச்சுக்க. யாராச்சும் பாத்துடப்போறாங்க."