ஒரே புத்தகத்தைப் படித்த பன்னிரண்டு பேர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அவள் எங்கள் தெருவில் குழாய் வேலை பார்ப்பவள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவள் மகள் எப்போதும் முதல் ரேங்க், என் மகள் எப்போதும் இரண்டாவது. ஐந்து வருடமாக இதே கதை, எனக்கும் ஐந்து வருடமாக வயிற்றெரிச்சல். எழுதுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் வந்தால் அதைக் கதையாக்கிவிடலாம் என்றொரு வசதி இருக்கிறது. மற்றவர்கள் பாவம், மாத்திரைதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"குழாய்க்காரம்மா தன் மகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டி..." (பொய். அவள் ஒரு நாளும் நீட்டியதில்லை. நீட்டியவள் நான்.)

"போட்டி என்பது பிள்ளைகளுக்கு நடுவில் நடப்பதாக நாம் நினைக்கிறோம், ஆனால் ஆழ்ந்து நோக்கினால்..." (ஆழ்ந்து நோக்கியதும் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

"எங்கள் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது." (இது பரவாயில்லை. இதுவே இருக்கட்டும்.)

2.

எங்கள் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை குழாய்க்காரம்மா மகளோடு வந்தாள். மகள் தன் பள்ளிப் பையைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு டார்ச் பிடிக்கப் போனாள். இரண்டு பேரும் சிங்குக்கு அடியில் தலையை விட்டிருந்த நேரம். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது.

[இங்கே வாசகர் என்னைக் கேவலமாக நினைப்பார். நினைக்கட்டும். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளை வைத்திருக்கிற எந்த அம்மாவாவது, முதல் ரேங்க் பெண்ணின் பை பாதி திறந்து கிடக்கும்போது பார்க்காமல் இருப்பாளா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.]

உள்ளே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. நீலநிற அட்டை. "நீரும் அழுத்தமும்" என்று தலைப்பு. எங்கள் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. அப்படியா சங்கதி, இதை வைத்துத்தான் அவள் முதல் ரேங்க் வாங்குகிறாளா! செல்போனை எடுத்து அட்டையைப் படம் பிடித்துக்கொண்டேன். சிங்குக்கு அடியிலிருந்து குழாய்க்காரம்மா, இந்த பைப்பை முன்னாடி மாட்டினவன் யாருக்கா, அவன் கையை வெட்டணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடிக்குறிப்பு 1: விஷயம் ஏன் இவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி அறக்கட்டளை பத்தாம் வகுப்பு முடிக்கிறவர்களில் ஒரே ஒருவருக்கு உதவித்தொகை தருகிறது. பள்ளியின் மீதி இரண்டு வருடமும் கல்லூரியும் முழுக்க அவர்கள் பொறுப்பு. மதிப்பெண்ணை வைத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, நேர்காணலில் ஒருவரை முடிவு செய்வார்கள். அங்கே வருடா வருடம் தவறாமல் வருகிற கேள்வி: பாடத்துக்கு வெளியே நீ படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்.

அடிக்குறிப்பு 2: அந்த உதவித்தொகை கிடைத்தால் எங்களுக்குப் பெருமை. கிடைக்காவிட்டாலும் என் மகள் படிப்பாள். குழாய்க்காரம்மா மகளுக்கு அது கிடைக்கவில்லை என்றால் படிப்பு பத்தாவதோடு நிற்கும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும்தான் படம் பிடித்தேன்.

3.

மறுநாளே கடைக்குப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் "குழாய்ப் பணியாளர் உரிமத் தேர்வுக்கான கையேடு" என்று போட்டிருந்தது. சாதாரண மனுஷி என்றால் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். நானோ, ஆகா, செயல்முறை அறிவியல், அதனால்தான் அவளுக்கு இயற்பியலில் நூற்றுக்கு நூறு என்று முடிவு கட்டினேன். என் மகள் பதினான்கு பக்கம் படித்துவிட்டு, எனக்கு ஒண்ணுமே புரியலம்மா என்றாள். படிக்கப் படிக்கப் புரியும் என்றேன். அதற்குள் சிங்க் மறுபடியும் அடைத்துக்கொள்ள, புத்தகத்தை ஒளித்து வைத்துவிட்டுக் குழாய்க்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

அந்த வாரம் மருந்துக்கடை நடத்துகிற அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். மேசையில் புத்தகத்தைப் பார்த்தவர் என்ன, ஏது என்று துருவித் துருவிக் கேட்டார். நான் பெருமை தாங்காமல் உளறிவிட்டேன். அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படம் வந்துவிட்டது. கீழே "முதல் ரேங்க் வீட்டுப் புத்தகம்" என்று ஒரு வரி, கூடவே கை கூப்பும் பொம்மை. அந்தக் குழுவில் குழாய்க்காரம்மா இல்லை. சேர்க்க எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பத்து நாளில் கடையில் அந்தப் புத்தகம் தீர்ந்து, வரவழைத்து, மறுபடியும் தீர்ந்தது. இத்தனை பேரும் பிளம்பர் ஆகப் போறாங்களா என்று கடைக்காரர் என்னிடமே கேட்டார். டியூஷன் வாத்தியார் ஒருவர் அதற்கு எட்டுப் பக்கத்தில் சுருக்கக் குறிப்பு வேறு போட்டுவிட்டார். சிரிக்காதீர்கள், அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

4.

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. குழாய்க்காரம்மா ரொம்ப நல்லவராகப் போய்விடுகிறாரே, வாசகர் நம்ப வேண்டாமா என்று ஒரு குறையைத் தேடினேன். (கவனித்தீர்களா, இதுவரை "அவள்" என்று எழுதியிருக்கிறேன். திருத்தப் போவதில்லை. என் லட்சணம் என்னவென்று அப்படியே தெரியட்டும்.)

குறை இல்லாமல் இல்லை. அவரும் போட்டி போட்டவர்தான். போன வருடம் மாடிக் குழாயைச் சரி பண்ண வந்தபோது, உங்க பொண்ணு காலையில என்னக்கா சாப்பிடுது, கணக்கு எத்தனை மணிக்குப் போடுது, என்ன பேனா என்று கேட்டுக் கேட்டுத் தன் மகளுக்கும் அதே பேனா வாங்கிக் கொடுத்தார். என் மகள் ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் கூட வாங்கிய மாதம் தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ஆக, இரண்டு பேருமே சளைத்தவர்கள் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர் என்னிடம் நேராகக் கேட்டார்.

5.

நேர்காணல் நாள். பள்ளி அலுவலகத்துக்கு வெளியே நீளமான நடைபாதை, சுவரோரம் நாற்காலிகள். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு அம்மாக்கள், இடையிடையே சில அப்பாக்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிட்டார்கள். மருந்துக்கடை வீட்டுப் பையன் முதல் ஆள். என் மகள் ஒன்பதாவது. குழாய்க்காரம்மா மகள் கடைசி. குழாய்க்காரம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப்பையில் டேப் சுருள் துருத்திக்கொண்டிருந்தது.

முதல் பையன் வெளியே வந்து கட்டை விரலைக் காட்டினான். இரண்டாவது பெண் சிரித்த முகமாக வந்தாள். நான்காவது ஆள் உள்ளே இருக்கும்போது கதவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழாவது ஆளுக்கு அந்தச் சிரிப்பும் இல்லை.

என் மகள் வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் காதில் சொன்னாள்.

"எல்லாரும் அதே புத்தகத்தைச் சொல்லியிருக்காங்கம்மா. நானும் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டாங்க, முழிச்சேன். இனிமே யாராவது அந்தப் பேரைச் சொன்னா அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்னு பேசிக்கிட்டாங்க."

வரிசையின் கடைசியில் குழாய்க்காரம்மா மகள் மடியில் நீலப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவகிட்ட சொல்லும்மா. இல்லன்னா நான் போய்ச் சொல்றேன்."

[இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நான்கு முறை எழுதினேன். ஒரு பிரதியில் நான் உடனே எழுந்து போகிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றில் என் மகளே எழுந்து ஓடுகிறாள், அதுவும் நன்றாக இருந்தது. மூன்றாவதில் நான் கதவைத் தட்டி உள்ளே போய் நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறேன். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், இது நீயாடி என்று கேட்டார்.]

நடந்தது இதுதான். எழுந்த மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பத்தாவது பையன் உள்ளே போனான், வந்தான். பதினோராவது பெண் உள்ளே போனாள். அவ்வளவு நேரமும் என் மகளின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. முதல் ரேங்க் பூஜ்யம் வாங்கினால் இரண்டாவது ரேங்க் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டது. என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்க்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து போனேன்.

6.

குழாய்க்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பை, ஜிப், படம், பெற்றோர் குழு, கடை, உள்ளே காத்திருக்கிற பூஜ்யம், இரண்டு பிள்ளைகள் உள்ளே போகும் வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். வேறு ஏதாவது புத்தகத்தின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் துருத்திக்கொண்டிருந்த டேப் சுருளைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். பிறகு கேட்டார்.

"நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களாக்கா?"

"பொண்ணோட உக்காந்து பதினாலு பக்கம்."

"மூணாவது அத்தியாயம் வரைக்குமாவது படிச்சிருக்கலாம். உங்க சிங்க் திரும்ப அடைச்சிருக்காது."

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மகள் புத்தகத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் எழுத்து. அவள் அம்மாவுக்கு வேகமாகப் படிக்க வராதாம். உரிமத் தேர்வுக்காக இவள் தினமும் வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டே வந்து, புத்தகம் சொல்வதும் வேலையில் நடப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நிறுத்துவாராம். "அம்மா: பழைய கட்டடத்தில் இந்த அழுத்தம் தாங்காது." "அம்மா: இந்த வாஷர் ஆறு மாதம்தான்." அதற்குக் கீழே மகளின் கணக்கு, இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவை சரியாக வந்து, பக்கத்தில் "அம்மா சொன்னதே சரி." கடைசிப் பக்கம் வரை இப்படியே. என் வாழ்நாளில் இப்படி ஒரு புத்தகத்தை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. எழுதுகிறவள் சொல்கிறேன், என்னுடைய ஒரு வரியையாவது யாராவது இப்படிப் படித்தால் நான் இன்னும் நூறு கதை எழுதுவேன்.

உள்ளே போய் இதைக் காட்டு, நான்தான் திருடினேன் என்றும் சொல் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேறு பேர் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி, நான் படிச்சது இதைத்தானே என்றாள். அதற்குள் குழாய்க்காரம்மா மகளின் காலரைச் சரி செய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"புத்தகத்தைப் பத்தி மட்டும் பேசு. அக்கா பேரை அங்க எடுக்காத. அவங்க பொண்ணுக்கும் இன்னிக்குத்தான் இன்டர்வியூ."

யாரைக் கிண்டல் செய்ய உட்கார்ந்தேன் என்பதை இந்த வாக்கியத்தை எழுதும்போது நினைத்துப் பார்த்தேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

7.

முடிவு எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. கிடைத்துவிட்டது என்று எழுதினால் நான் சுலபமாகத் தப்பித்துவிடுவேன். கிடைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் "ப்ச்" கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். இரண்டுக்கும் நான் இடம் கொடுப்பதாக இல்லை.

அந்த அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன், உட்காருங்கள். காலையிலிருந்து பதினோரு பிள்ளைகள் ஒரே புத்தகத்தின் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டீர்கள். பாதி பேருக்கு அதன் முதல் அத்தியாயம்கூடத் தெரியவில்லை. உங்களுக்குப் பசி, எரிச்சல். அடுத்து யார் அந்தப் பேரைச் சொன்னாலும் பூஜ்யம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். யார் செய்த தப்பு இது என்று யாரும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. சொல்லக்கூடிய ஒரே பெண்ணிடம் அவள் அம்மா சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கதவு திறக்கிறது. பன்னிரண்டாவது பெண் உள்ளே வந்து, உட்காரச் சொல்லும் வரை நிற்கிறாள். கையில் அதே நீல அட்டை. பாடத்துக்கு வெளியே என்ன படித்தாய் என்று உங்களுக்கு இடப்பக்கம் இருப்பவர் அலுப்போடு கேட்கிறார். அவள் அந்தப் பேரைச் சொல்கிறாள். வலப்பக்கம் இருப்பவர் பேனாவை எடுத்துவிட்டார்.

அவளிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. கேட்பீர்களா?