தவறுதலாக இடம்பெற்றது

அந்த நாளிதழ் அச்சில் வருவது நின்று ஒரு மாதமாகிவிட்டது. இனி எந்த வடிவத்தில் பிழைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து ஆளுக்கொரு யோசனை கேட்டார். செய்தி வாசிக்கும் குடை என்றார் ஒருவர். தலைப்புச் செய்தி அச்சடித்த தலையணை உறை என்றார் இன்னொருவர்.

துணையாசிரியர் எழுந்தார்.

"வெறும் திருத்தம் மட்டும், சார். நேத்து ஊரெல்லாம் தப்பா பேசினதைச் சேர்த்து, தினமும் காலையில ரெண்டு நிமிஷம் போன்ல குரலா அனுப்புவோம். நம்ம பேப்பர்ல ஜனங்க முதல்ல தேடினதே அந்தத் திருத்தக் கட்டத்தைத்தானே?"

முதலாளி மேசையைத் தட்டினார். "பிரமாதம்யா! உன் வீட்டம்மாவே படிக்கட்டும். நல்ல குரல்."

வீட்டம்மா அங்கேயே பக்க வடிவமைப்பாளர். கடைசி வரிசையில் இருந்தார். யோசனை அவருடையது. முந்தின நாள் துணி காயப்போடும்போது சொன்னது. "இதையெல்லாம் யாரு கேப்பா?" என்று சிரித்தவர்தான் இப்போது எழுந்து நின்றவர்.

மறுநாள் காலை, காகிதக் கிடங்காக இருந்து ஒலிப்பதிவு அறையாக மாறிய இடத்தில், மனைவி மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படிக்க மாட்டேன்."

"விளையாடாதம்மா. முதல் நாள்!"

"ஒரு திருத்தம் விட்டுப்போச்சு. அதை எழுதுங்க, படிக்கிறேன்."

எது என்று கேட்கும் அளவுக்குக் கணவர் அசடல்ல. எழுதி நீட்டினார்: 'இந்த யோசனை துணையாசிரியருடையது என்ற தகவல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.'

"இடம்பெற்றுவிட்டதா? அதுவா நடந்து வந்து முதலாளி முன்னாடி நின்னுச்சா?"

"பேப்பர்ல அப்படித்தானே எழுதுவோம்..."

"வருந்துகிறோமாம். கூட யாரு? நான் வருந்தலையே."

மறுபடி எழுதினார். மனைவி சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"கவனக்குறைவாலா? என் பக்கம் திரும்பாம எவ்வளவு கவனமா சொன்னீங்க!"

பிறர் எழுதியதை ஈவிரக்கமின்றி வெட்டுவதால் கணவருக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பட்டப்பெயர். அந்தக் கத்தரிக்கு இப்போது வியர்த்தது. கதவிடுக்கில் முதலாளியின் தலை தெரிந்தது.

"என்னய்யா, ஆரம்பிக்கலாமா?"

மூன்றாவது தாளைப் பார்த்த மனைவி பேனாவை மூடினார். "இதுல வெட்ட ஒண்ணுமில்ல. நீங்களே படிங்க."

மைக்கை அவர் பக்கம் தள்ளி, பொத்தானை அழுத்திவிட்டார்.

"திருத்தம்," என்றார் கணவர். "இந்த யோசனை என் மனைவியோடது. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் திருடிட்டேன்."

மற்றத் திருத்தங்களை மனைவி தேன் போலப் படித்து முடித்தார். சற்று நேரத்தில் கேட்டவர்களின் குரல்கள் போனில் வந்து குவிந்தன. 'மச்சான் காரைச் சுவத்துல தேய்ச்சது என் பையன் இல்ல, நான்தான்.' 'அண்ணி, அந்தப் பூத்தொட்டி பூனை தள்ளி உடையல.' முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கும் முதல்ல இவர் தப்பு ஒண்ணு வரணும்!"

"தினமும் தப்புக்கு நான் எங்க சார் போவேன்?"

"அந்தக் கவலையே வேண்டாம் சார்," என்றார் மனைவி. "கையிருப்பு நிறைய இருக்கு."

சொல்லிக்கொண்டே நாற்காலியைச் சற்று நகர்த்தி, மைக் முன்னால் கணவருக்கும் இடம் விட்டார்.