கூப்பிட்டால் திரும்புகிற பேர்

அம்மாவின் இடது கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்று செவ்வாய்க்கிழமை என்பது அவனுக்கு உறைத்தது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஒட்டிய பிளாஸ்திரி. பிய்த்தால் ரோமத்தைப் பிடித்து இழுக்கிறது, குளிக்கும்போது தானாக வரட்டும் என்று விட்டிருந்தாள். அது எந்தக் குளியலுக்கும் மசியவில்லை. இப்போது எவ்வளவு வேகமாகப் பிய்த்தாலும் அவளுக்கு வலிக்கப்போவதில்லை. ஆனாலும் அவன் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உரித்தான்.

பிளாஸ்திரிக்கு அடியில், ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஒரு அதிர்வு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அம்மா முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள். "லைன் இருக்கு" என்பாள். ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராகவே இருந்து ஓய்வு பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள்? விடிகாலையில் எழுப்பப் போனவன், அவள் அசையாததைப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்கு முன் கையில்தான் விரல் வைத்தான். லைன் இல்லை.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுக்களையில் அவன் மனைவி வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா, கையப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்துட்ட?" என்றாள் அக்கா. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. சாவு வீட்டையும் காலைப் பிரேயர் போல வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். "நான் அம்மாவுக்குத் துணி மாத்தணும். நீ போயி வாடகை நாற்காலிக்குச் சொல்லிட்டு வா. நாலு மணிக்கு எடுக்கறதா எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"இன்னிக்கு செவ்வாக்கிழமைக்கா."

"அதுக்கு?"

"சென்டர்ல அவரு அம்மாவ எதிர்பார்த்துட்டு இருப்பாரு."

எவர் என்று அக்கா கேட்கவில்லை. அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழுந்துவிடும் என்பதைப் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆளுக்கெல்லாம் நாம சொல்லணும்னு என்னடா இருக்கு? ஃபோன் பண்ணி அங்க இருக்கற பொண்ணுகிட்ட சொல்லு. அது சொல்லிக்கும்."

"ஃபோன்ல சொல்ற விஷயமாக்கா இது?"

"சரி, நீ சொல்லி, வீட்ல எல்லாரும் இருக்கும்போது அவரு வந்து நின்னா? யாருன்னு சொல்லுவ?"

நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று முனகிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பழக்கதோஷத்தில் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பின் சீட்டில் அம்மாவின் சால்வை மடித்து வைத்தபடியே இருந்தது. சென்டரில் ஏசி எலும்புவரை குளிரும், அதற்காக. கதவைச் சாத்தினான். மூன்று வருஷமாக, வாரத்தில் மூன்று நாள், கூரியர் கிடங்கில் ஷிஃப்டை மாற்றிப் போட்டு, மேனேஜரிடம் பல்லைக் காட்டி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தவன். இனிமேல் வியாழக்கிழமை காலையில் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி ஓடியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல்படக்கூடத் தெம்பில்லாமல் காரைக் கிளப்பினான்.

இந்தக் காரில்தான் அம்மா அந்தச் சேதியைச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பாய் ஃபிரெண்டு கிடைச்சிருக்காரு."

கியர் மாற்றப் போன கை வழுக்கியது. "யாரும்மா?"

"பக்கத்து நாற்காலி. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தாராம், இப்ப மகன் பாத்துக்கறானாம். பொண்டாட்டி தவறிட்டாங்க. தங்கமான ஆளு. ஆனா மெஷின் கத்தினா போதும், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கறாரு."

அந்தப் பெரிய உடம்புக்காரர் முதல் வாரத்திலேயே அம்மாவுக்கு 'எக்சேஞ்சு' என்று பேர் வைத்துவிட்டார். பதிலுக்கு அவருக்கும் ஒரு செல்லப் பேர் வைக்க வேண்டும். அது அம்மாவுக்கு லேசில் அமையவில்லை. போகிற வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"'ராஜா'ன்னு கூப்பிடேன்."

"சென்டர்ல ரெண்டு பேருக்கு நிஜப் பேரே அதான்."

"'தங்கம்'?"

"விக்கிற விலைக்கு மனுஷன் பயந்துடுவாரு."

"அப்ப 'கண்ணு'?"

"வாட்ச்மேன்லேருந்து டாக்டர் வரைக்கும் எல்லாரையும் நான் கண்ணுன்னுதான் கூப்பிடறேன். அவருக்குன்னு என்ன இருக்கு அதுல?"

'குண்டு பல்பு' என்று சில நாள் ஓட்டினாள். வழுக்கைக்குப் பொருத்தம்தான். ஆனால் அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். 'மாஸ்டர்' என்றால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. ஒருநாள் துணிந்து 'டார்லிங்' என்று சொல்லிப் பார்த்தாளாம். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்து, கை ஆடி, மெஷின் அலாரம் அடித்து, டெக்னீஷியன் பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தாளாம்.

"ஏதாவது ஒண்ணு வெச்சுத் தொலையேம்மா" என்றான் ஒருநாள், முதல் நாள் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த அலுப்பில்.

"ஏதாவது ஒண்ணு எப்படிடா வைக்கறது? கூப்பிட்டா அவரு திரும்பணும். வேற யாரும் திரும்பக் கூடாது. அதாண்டா பேரு." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "மில்லுல எல்லாரையும் நம்பர் சொல்லியே கூப்பிட்டேன். உங்கப்பாவக் கடைசி வரைக்கும் 'ஏங்க'ன்னே ஓட்டிட்டேன். பெத்த புள்ளைக்கு ஒரு பேரு வெச்சேன், கட்டினவருக்கு வைக்கல பாரு."

பெற்ற பிள்ளைக்கு வைத்த பேர் 'பட்டாணி'. குறைமாசத்தில், உள்ளங்கை அளவுக்குப் பிறந்தவனாம். இன்றைக்கு அவன் உட்கார்ந்தால் கார் சீட் முனகுகிறது. அக்காவுக்கு அவன் 'டேய்', மனைவிக்கு 'ஏங்க', கிடங்கில் 'சூப்பர்வைசர்'. அக்காவுக்கு அப்படியொரு பேர் கிடையாது. அவள் பிறக்கும்போதே ஹெட்மிஸ்ட்ரஸ் என்பாள் அம்மா. பட்டாணி என்று கூப்பிட அம்மா ஒருத்திதான், அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாதபோது.

சனிக்கிழமை திரும்பி வரும்போதுகூடக் கூப்பிட்டாள். டயாலிசிஸ் முடிந்தால் துவண்டுபோய் சீட்டில் சாய்ந்துகொண்டு வருவாள், பேசமாட்டாள். அன்றைக்கு, "டேய் பட்டாணி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து ஃபோன். லாரி வரவில்லை என்று ஒருவன் கத்த, இவன் பதிலுக்குக் கத்த, கத்தி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. "பரவால்ல, அப்புறம் கேக்கறேன்" என்று அம்மா இறங்கிக்கொண்டாள். ஞாயிறும் திங்களும் அவனுக்கு இரட்டை ஷிஃப்ட். என்ன கேட்க நினைத்தாளோ. மருந்து ஏதாவது தீர்ந்துபோயிருக்கும்.

சென்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது இந்தப் படிகள் முடியவே முடியாது. இன்றைக்கு அவை சட்டென்று முடிந்துவிட்டன. மேலே போன பிறகுதான் தோளில் அம்மாவின் சால்வை கிடப்பதைக் கவனித்தான். எப்போது எடுத்தான் என்று நினைவில்லை.

அவருக்கு ஊசி ஏற்றி மெஷினை ஓட்டிவிட்டிருந்தார்கள். வலது கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. இடது பக்கம் ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலி. அவளுக்கு இடது கையில் ஊசி, அவருக்கு வலது கையில். ஊசி இல்லாத கைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, அம்மாவின் நாற்காலியில் அவர் தன் தொப்பியைப் போட்டு வைத்திருந்தார்.

"வாங்க தம்பி. என்ன இன்னிக்கு இவ்ளோ லேட்டு?" அவர் பார்வை அவனைத் தாண்டி வாசலுக்குப் போனது. "அம்மா எங்க? மூச்சு வாங்குதுன்னு படியில உக்காந்துட்டாங்களா?"

அவன் தொப்பி கிடந்த நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தார். அவருடைய வலது கால் முன்னால் நீண்டு, நாற்காலியின் கால்பலகையை அழுத்தி மிதித்தது. மிதித்தது மிதித்தபடியே இருந்தது.

"எப்ப?"

"விடிகாலைல சார். தூக்கத்துலயே."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் யாரையோ பேச வைத்துக்கொண்டிருந்தது.

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல சார்."

எப்போதும் 'உங்கம்மா', 'அவங்க' என்றுதான் சொல்வார். அவள் என்று இன்றுதான் சொல்கிறார். அவனுக்கு அது தப்பாகப் படவில்லை.

"நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றான். அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தது. "நீங்க வாங்க சார். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"யாருன்னு சொல்லிட்டு வர்றது தம்பி?" அவர் தலையை ஆட்டினார். "உங்கக்காவுக்கு ஏன் சங்கடம்? இது முடிஞ்சா என்னால எந்திரிச்சு நிக்கவும் முடியாது. இங்கேருந்தே அவள அனுப்பிக்கறேன்."

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய கை. துடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், காலி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

"சனிக்கிழமை, எனக்கு ஒரு பேரு கிடைச்சிடுச்சுன்னு சொன்னா. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. என்னன்னு கேட்டா சொல்லல. 'எனக்குத் தெரிஞ்ச நல்ல பேரே அது ஒண்ணுதான். ஆனா அது ஒருத்தனுக்கு வெச்ச பேரு. அவன்கிட்ட கேக்கணும், அவன் குடுத்தா செவ்வாக்கிழமை சொல்றேன்'னா." சிரிக்கப் பார்த்தார், பாதியில் உடைந்தது. "மூணு ராத்திரி யோசிச்சேன், என்னவா இருக்கும்னு. கேட்டாளா தம்பி? யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு நாற்காலிக்குச் சொல்லப் போகலாம். அந்தப் பேரைக் கூப்பிட இனி யாருமில்லை. அதனாலேயே அதை விட மனம் வரவில்லை. காலையிலிருந்து ஆளாளுக்கு அவனிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தன்னுடையது என்று மிச்சம் இருந்தது இது ஒன்றுதான், இதையும் இந்த மனிதர் கேட்கிறாரே என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது. ஆனால் கேட்டது அவர் இல்லை.

"பட்டாணி" என்றான்.

"என்னது?"

"அதான் சார் பேரு. பட்டாணி."

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அது போர்வைக்குக் கீழே ஒரு மூட்டையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "யாரோட பேரு இது?"

"என்னோடது."

சிரிப்பு நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டாளா?"

"கேக்க வந்தாங்க. நான் ஃபோன்ல இருந்தேன்." தோளிலிருந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார். எடுத்துக்குங்க."

அவர் காலி நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். பிறகு, "அவ எப்படிச் சொல்லுவா? ஒரு தடவை சொல்லுங்க" என்றார்.

அம்மா 'டா'வில் கொஞ்சம் தங்குவாள். கடைசி எழுத்தை மேலே தூக்கி விடுவாள், அடுத்த அறையில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி. அவன் அப்படிச் சொல்லிப் பார்த்தான். கட்டைக் குரலில் அது நன்றாக வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றார், கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

அவன் தொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தான். சால்வையைப் பிரித்து அவர் காலில் போர்த்திவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல் வாசல் பக்கம் நடந்தான். நாற்காலிக்குச் சொல்ல வேண்டும். அக்கா இதற்குள் எத்தனை தடவை ஃபோன் பண்ணியிருப்பாளோ.

பின்னால் மெஷின் அலாரம் அடித்தது. டெக்னீஷியன் பெண்ணின் செருப்பு ஓடி வரும் சத்தம் கேட்டது. "மாஸ்டர், கைய ஆட்டாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

அவர் கரகரத்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னார்.

"இதென்ன புதுப் பேரு? சரி, சரி, அப்படியே கூப்பிடறேன். அழாதீங்க. பட்டாணி, கைய நேரா வைங்க."

படியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான். அவனைக் கூப்பிடவில்லை.